மன்னார்த் தொகுதி: கடவையும் வாக்குப்பெட்டியும்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து மதவாச்சி வீதியிற் செல்வோர், திருக்கேதீச்சரத்துக்குப் பிரியும் சந்தியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் உயிலங்குளத்தை அடைவர். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் நெல்வயற் பிரதேசம் அது. பார்வைக்கு எளிய ஊர்தான். ஆயினும் போர்க்காலத்துச் செய்தித்தாள்களைப் புரட்டுவோர் இவ்வூரின் பெயரை அடிக்கடி காண்பர். அரசாங்கப் படையின் நிலத்துக்கும் விடுதலைப் புலிகளின் நிலத்துக்கும் இடையிலிருந்த கடவைகளுள் உயிலங்குளமும் ஒன்றாயிருந்தது. அரிசி மூட்டையும் நோயாளியும் பரீட்சை எழுதச் சென்ற மாணவரும் அந்தக் கடவையினூடாகவே வந்து போயினர். மன்னார்த் தொகுதியின் அரசியற் கதையைச் சொல்லப் புகும் ஒருவர் இந்த இடத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். ஏனெனில், இங்கே எவர் வென்றார் என்பதைவிட, எவர் வாக்குப்பெட்டியை அடைய முடிந்தது என்பதே பல வேளைகளிற் பெரிய கேள்வியாக இருந்திருக்கின்றது.

மன்னார் யாழ்ப்பாணத்தின் நிழலன்று. இதனை 1931ஆம் ஆண்டே காட்டிற்று. அவ்வாண்டு அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் பகிஷ்கரித்தன; மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியோ வாக்களித்தது. 1947இல் முதலாவது பாராளுமன்றம் கூடியபோதும் அப்படியே. குடாநாட்டிலே தமிழ்க் காங்கிரஸ் கொடி கட்டிப் பறக்க, மன்னார் மக்கள் சுயேச்சையாக நின்ற சி. சிற்றம்பலத்தைத் தெரிந்தனர், அயலிலுள்ள வவுனியா சி. சுந்தரலிங்கத்தைத் தெரிந்தது. இருவரும் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் அமர்ந்தனர். சுந்தரலிங்கம் குடியுரிமைப் பிரச்சினையிற் பதவியைத் துறந்து வெளியேறினார். தபால், தந்தி இலாகாவை வகித்த சிற்றம்பலம் தொடர்ந்தும் இருந்தார். ஆட்சியோடு நின்று ஊருக்கு வேண்டியதைப் பெறுவதா, எதிர்த்து நின்று உரிமை கேட்பதா என்ற வழக்கு வன்னியில் அன்றே இரு மனிதர் வடிவில் எழுந்துவிட்டது. அந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தின் பேச்சு எழுந்தபோது மன்னார் தன் பக்கத்தைத் தெரிந்துகொண்டது. தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோன் அவ்வாண்டு வென்றார். 1970 வரையான ஐந்து பொதுத்தேர்தல்களிலும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1961இன் சத்தியாக்கிரகம் மன்னார்க் கச்சேரி வாசலுக்கும் வந்தது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பி. எஸ். சூசைதாசன் தெரிவானார். தனியாசனத் தொகுதியாக மன்னார் அனுப்பிய கடைசிப் பிரதிநிதி அவரே. 1983இல் ஆறாவது திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைச் சட்ட விரோதமாக்கியது. கூட்டணியினர் சபைக்குச் செல்லாது விட்டனர். மூன்று மாதம் வராதோர் ஆசனம் இழப்பர் என்ற விதிப்படி அவர்களின் ஆசனங்கள் பறிபோயின. மக்கள் தந்த ஆசனம் மக்களைக் கேளாமலே வெறுமையாயிற்று.

பின்னர் ஆசனமே மறைந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையின்படி மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் வன்னித் தேர்தல் மாவட்டமாக ஒன்றிணைக்கப்பட்டன. 1989இல் அம்முறையிலான முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. மன்னார் என்ற பெயர் வாக்குகளை எண்ணுவதற்குரிய ஒரு பிரிவின் பெயராகச் சுருங்கியது.

அடுத்த ஆண்டு, 1990 ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினர். அவர்களது வாக்குரிமை மன்னாரில் இருந்தது; உடல் புத்தளத்தில் இருந்தது. புத்தளத்திலேயே வாக்களிக்க ஏற்பாடுகள் பல தேர்தல்களிற் செய்யப்பட்டன. போர் முடிந்து பத்தாண்டு கழிந்த பின்னும் அந்தத் தூரம் முற்றாகக் குறையவில்லை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம் மக்களின் பஸ்கள் தந்திரிமலைக்கு அருகே கல்லெறிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் ஆளாயின.

தமிழ் வாக்காளரின் கதையும் வேறன்று. 2001 டிசம்பர் பொதுத்தேர்தலன்று, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து வாக்களிக்க வருவோர் கடக்க வேண்டிய வழிகள் இராணுவ உத்தரவினால் மூடப்பட்டன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஆயிரமாயிரம் பேர் வாக்களிக்காமலே வீடு திரும்பினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவர்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2003இல் நீதிமன்றம் கூறிற்று. தீர்ப்பு வந்ததேயன்றித் தவறிய வாக்கு திரும்பி வரவில்லை.

இனி, வருங்காலத்துக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்பின்படி வன்னியில் 3,06,081 பேர். அவருள் மன்னாருக்குரியோர் 90,607 பேர், அதாவது பத்தில் மூவர். ஆசனங்கள் ஆறு. முதலிடம் பெறும் கட்சிக்கு ஒன்று வெகுமதியாகச் செல்ல, மிகுதி ஐந்தும் வாக்குகளின் விகிதப்படி பங்கிடப்படும். 2004இல் ஒன்றுபட்டு நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆறில் ஐந்தை வென்றது. இருபதாண்டு கழித்து, 2024 நவம்பரில், தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் வெவ்வேறாக நின்றன. முன்னதற்கு 29,711 வாக்கு, பின்னதற்கு 21,102. தலைக்கு ஓர் ஆசனம். தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்குடன், அதாவது ஐந்தில் ஒரு பங்கோடு, முதலிடம் பெற்று இரண்டு ஆசனங்களை எடுத்தது. முதலிரண்டையும் கூட்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேல் வருகின்றது. வெகுமதி ஆசனம் இடம் மாறியிருக்கும். கணக்குப் பலகையிற் கூட்டுவது எளிது; மனிதரைக் கூட்டுவது அவ்வளவு எளிதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. பிரிவினையால் அலுத்த வாக்காளர் பலரே புதிய சக்திக்குப் புள்ளடி இட்டனர் என்பது எமது கருத்து.

தனியாசனத்தை இழந்ததால் மன்னாருக்கு நட்டம் மட்டுமே என்று கூறுவதும் நியாயமாகாது. மன்னார் மண்ணைச் சேர்ந்த செல்வம் அடைக்கலநாதன் 2000 முதலும், றிசாட் பதியுதீன் 2001 முதலும் வன்னியின் பிரதிநிதிகளாக இருந்து வருகின்றனர். ஒருவர் மட்டும் வெல்லும் முறையில் இவ்விருவரும் ஒரே சபையில் அமர்ந்திருக்க இயலாது. தோற்ற சமூகத்துக்கும் ஒரு வாய் கிடைத்தது விகிதாசாரத்தின் நன்மை. அதன் தீமை, எவரும் முழுப் பொறுப்பாளர் அல்லர் என்பது. மன்னாரில் நிற்கும் அபேட்சகர் விருப்பு வாக்குக்காக வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அலைய வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் உயிலங்குளத்துக் கமக்காரன் ஆறு பேரில் எவரைத் தேடுவான்? இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்தால் பேசாலை மீனவன் எவர் வாசலில் நிற்பான்?

2025இல் இக்கேள்வி வீதிக்கே வந்தது. 2020இல் 103.5 மெகாவாட் ஆற்றலோடு இயங்கத் தொடங்கிய காற்றாலை வரிசைக்குப் பின், தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டாம், கனிய மணலும் அகழ வேண்டாம் என்று மக்கள் வாரக்கணக்கிற் போராடினர். முன்னணியில் நின்றோர் பிரதிநிதிகளைவிடக் குருமாரும் பொது அமைப்பினருமே. மன்னாரில் இது புதிதன்று. 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் சென்று 1,46,679 பேருக்குக் கணக்குக் கேட்டவர் ஆயர் இராயப்பு யோசப்பு. அவர் எத்தேர்தலிலும் நின்றவரல்லர்.

ஊருக்கு அருகிலுள்ள மன்றமாக மாகாண சபை இருந்தது. 2013இல் அதற்கு மன்னார் ஐந்து உறுப்பினரை அனுப்பிற்று. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. எல்லை நிர்ணயச் சிக்கலைக் காரணங் காட்டி அடுத்த தேர்தல் தள்ளிப்போக, 2025ஆம் ஆண்டும் தேர்தலின்றியே கழிந்தது. உயிலங்குளத்தில் இன்று கடவை இல்லை. பஸ் தடையின்றிப் போகின்றது. 2018இல் பதினெட்டு வயதை எட்டிய பிள்ளைகளோ, மாகாண சபைக்கென ஒரு வாக்குச்சீட்டைக் கையிலே வாங்கியதில்லை.