ஆறுகள் வகுத்த குடியேற்றம்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கியபோது, அங்கு வண்டிச் சாலைகள் இருக்கவில்லை. பூர்வீகக் குடிகளின் ஒற்றையடிப் பாதைகளே காட்டினூடே சென்றன. பாரமான சரக்குகளை அவ்வழியே கொண்டுசெல்லல் அரிது. ஆகவே ஆறே சாலையாயிற்று. அது குடியேற்றத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

1607ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பை நிறுவினர். கரையோரம் ஆழமாக இருந்தமையால் கப்பல்களை மரங்களிலேயே கட்ட முடிந்தது. ஆயினும் கடலின் வற்றுப்பெருக்கு அவ்விடம்வரை எட்டியதால் கோடையில் ஆற்றுநீர் உவர்த்தது. நோயும் பசியும் பலரை மாய்த்தன. கப்பலுக்கு உகந்த இடம் குடிநீருக்கு உகந்ததாக அமையவில்லை.

பின்னர் அங்கு புகையிலைச் செய்கை பெருகியது. ஆற்றோரத் தோட்டக்காரர் தத்தம் துறையிலேயே கப்பலில் சரக்கேற்றினர். பொதுத் துறைமுகத்தின் தேவை குறைந்ததால் நகரங்கள் தோன்றத் தாமதமாயிற்று.

மேட்டுநிலத்தின் கடும்பாறையிலிருந்து கரையோரச் சமவெளிக்கு ஆறு இறங்கும் இடத்தில் நீர்வீழ்ச்சிகள் உண்டு. கப்பல் அதற்குமேல் ஏறாது. சரக்கை இறக்கியே ஆகவேண்டும். வீழும் நீர் ஆலைகளையும் சுழற்றியது. 1737இல் அமைக்கப்பட்ட ரிச்மண்ட் நகரம் இத்தகைய இடத்திலேயே உள்ளது.

1763இல் பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அத்திலாந்திக் சமுத்திரத்தில் விழும் ஆறுகளின் ஊற்றுமூலங்களுக்கு அப்பால் எவரும் குடியேறலாகாது என்றும், அந்நிலம் பூர்வீகக் குடிகளுக்குரியது என்றும் அது விதித்தது. எனினும் குடியேறிகள் அதனை மதிக்கவில்லை. மலைகளைக் கடந்து, மேற்கே பாயும் ஒகையோ ஆற்றின் வழியே மேலும் சென்றனர்.

ஆற்றங்கரைகள் வெறும் நிலமாக இருந்தவை அல்ல. பௌஹாட்டன் மக்கள் அங்கே சோளம் பயிரிட்டு, மீன் பிடித்து வாழ்ந்தனர். வளமான கரைகளைக் குடியேறிகள் கைப்பற்றியபோது அம்மக்கள் உணவையும் வழியையும் ஒருங்கே இழந்தனர். அவர்களுடைய பௌஹாட்டன் ஆறே ஆங்கில மன்னரின் பெயரால் ஜேம்ஸ் ஆறாயிற்று. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வர்ஜீனியாவில் வாழ்கின்றனர். அவர்களின் மொழியோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பேச்சு வழக்கொழிந்தது.

மாணவச் செல்வங்களே! பொட்டோமாக் போன்ற பூர்வீகப் பெயர்கள் இன்றும் வரைபடத்தில் உள்ளன. ஆற்றின் பெயரில் மட்டும் ஒரு மொழி எஞ்சுவது போதாது. அது பிள்ளைகளின் நாவில் வாழவேண்டும். வார இறுதியில் நாம் இங்கு கூடுவதும் அதன்பொருட்டே.