புலம்பெயர் நாடுகளில் தமிழ்ப் பட்டக்கல்வி: நேரடி, இணையவழி, கலப்பு முறைகளுள் தெரிவு

முன்னுரை

தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் வெளியே தமிழைக் கல்லூரி நிலையில் கற்பிக்கும் துறைகள் பெரும்பாலும் சிறியன. ஓரிரு ஆசிரியர், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய நிதி ஆகியவையே அவற்றின் இயல்பான நிலை. மாணவருள் ஒரு சாரார் பகலில் பணிபுரிவோர். மற்றொரு சாரார் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருப்போர். சில பருவங்கள் தொடர்ந்து சேர்க்கை குறைந்தால் படிப்பு நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட படிப்பு மீளத் தொடங்கப்படுவது அரிது. அப்படிப்போடு, அந்நாட்டின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கும் இடமும் மறைகின்றது.

ஆதலின், ஒரு படிப்பை நேரடியாக நடத்துவதா, இணையவழி நடத்துவதா, இரண்டையும் கலந்து நடத்துவதா என்னும் வினா அலுவலக வசதி பற்றியதன்று. யார் கற்க இயலும், எது கற்கப்படும் என்பனவற்றைத் தீர்மானிக்கும் வினா ஆகும். இத்தெரிவை எவ்வளவைகளைக் கொண்டு செய்தல் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

மூன்று முறைகளும் அவற்றின் எல்லையும்

அமெரிக்க உயர்கல்வியில் இணையவழிச் சேர்க்கையை ஆண்டுதோறும் கணக்கிட்ட ஆலன், சீமன் ஆகியோர் பாட உள்ளடக்கத்தின் விழுக்காட்டைக் கொண்டு எல்லை வகுத்தனர். 80 விழுக்காடும் அதற்கு மேலும் இணையத்தில் நிகழ்வது இணையவழிப் பாடம். 30 முதல் 79 வரை நிகழ்வது கலப்புமுறைப் பாடம். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே திங்களில் வெளியிட்ட கலப்புமுறைக் கருத்துக்குறிப்பு, ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழிக் கற்பிக்கலாம் என முன்மொழிந்தது.

இவ்வெண்கள் நிருவாகத்திற்குப் பயன்படும். கற்பித்தலின் தன்மையை அவை காட்டா. ஒரே நேரத்தில் அனைவரும் திரைமுன் கூடும் வகுப்பும், பதிவுசெய்த விரிவுரையை அவரவர் நேரத்தில் கேட்டு எழுதும் பயிற்சியும் இணையவழிக் கல்வி என்னும் ஒரே பெயரைப் பெறுகின்றன. ஆயினும், மாணவரிடம் அவை வேண்டுவன முற்றிலும் வேறு. முன்னது குறித்த நேரத்தை வேண்டும். பின்னது தன்னொழுங்கை வேண்டும்.

மேலும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்ததை இணையவழிக் கல்வியின் சான்றாகக் கொள்ளுதல் பிழை. சில நாள்களில் வகுப்பறையைத் திரைக்கு மாற்றிய அவசர ஏற்பாடு அது. முன்கூட்டியே திட்டமிட்டு, பாடப்பொருள் உருவாக்கி, தேர்வுமுறை வகுத்து நடத்தப்படும் இணையவழிக் கல்வி வேறு என்பதை அவ்வாண்டு மார்ச்சிலேயே கல்வித்தொழில்நுட்ப ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர்.

கலப்புமுறையும் புதியதன்று. 1969இல் நிறுவப்பட்டு 1971இல் முதல் மாணவரை ஏற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பாடநூல், வானொலி தொலைக்காட்சி ஒலிபரப்பு, உள்ளூர்ப் பயிற்றாசிரியர், கோடைக்கால உறைவிடப் பள்ளி ஆகியவற்றை இணைத்தே கற்பித்தது. தமிழுலகில், சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனம், சான்றிதழ்ப் படிப்பு முதல் இளநிலைத் தமிழியல் வரை இணையவழிப் பாடங்களை உலகத் தமிழர்க்கு வழங்கியது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்போ பணிபுரிவோர்க்கான பகுதிநேரப் படிப்பாக அமைந்தது. ஒன்று உலகெங்கும் சிதறி வாழ்வோரை நோக்கியது. மற்றொன்று ஒரே நகரில் நேரமின்றி வாழ்வோரை நோக்கியது. தேவை வேறுபடும்போது முறையும் வேறுபடுவதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

ஆய்வுகள் கூறுவன

1983இல் ரிச்சர்டு கிளார்க், கற்றல் பயனை விளைவிப்பது ஊடகமன்று, கற்பிக்கும் முறையே என வாதிட்டார். உணவுப்பொருளை ஏற்றிவரும் வண்டி அதன் சத்தை மாற்றாதது போன்றதே ஊடகம் என்பது அவர் காட்டிய ஒப்புமை. இதனை மறுத்தோரும் உளர். ஆயினும், முறையை ஆராயாமல் ஊடகத்தை மட்டும் மாற்றுவதால் பயன் விளையாது என்னும் எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

அமெரிக்கக் கல்வித்துறை 2009இல் வெளியிட்டு 2010இல் திருத்திய தொகுப்பாய்வு, 1996 முதல் 2008 வரையிலான ஆய்வுகளை ஒப்பிட்டது. இணையவழிக் கற்றோர் நேரடியாகக் கற்றோரைவிடச் சராசரியில் சிறிதளவு மேம்பட்டிருந்தனர். கலப்புமுறையில் அம்மேன்மை சற்றுத் தெளிவாக இருந்தது. எனினும், கலப்புமுறை வகுப்புகளில் கற்றல் நேரமும் பாடப்பொருளும் பெரும்பாலும் கூடுதலாக இருந்தன என்பதையும், ஆகவே அம்மேன்மையை ஊடகத்தின் விளைவாகக் கொள்ளலாகாது என்பதையும் அவ்வறிக்கையே சுட்டியது. கலப்புமுறையே சிறந்தது எனப் பொதுப்பட மேற்கோள் காட்டுவோர் இக்குறிப்பை விட்டுவிடுகின்றனர்.

மைக்கேல் மூர் வகுத்த இடைவெளிக் கோட்பாடு இங்குப் பெரிதும் உதவும். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையிலான உண்மையான தொலைவு நிலப்பரப்பால் அமைவதன்று; உரையாடல், பாட அமைப்பின் இறுக்கம், மாணவரின் தன்னுரிமை ஆகிய மூன்றால் அமைவது என்பது அவர் கருத்து. நூறு பேர் அமர்ந்த கூடத்தில் கடைசி வரிசை மாணவர் தொலைவில் இருக்கலாம். கடல் கடந்திருந்தும் வாரந்தோறும் ஆசிரியரின் மறுமொழி பெறுபவர் அண்மையில் இருக்கலாம்.

தமிழ்ப் பாடங்களின் இயல்பு

ஒரு பட்டப்படிப்பு முழுமைக்கும் ஒரே முறையைத் தெரிவுசெய்தல் தேவையற்றது. பாடப்பகுதியின் இயல்பே முதல் அளவை.

இலக்கிய வரலாறு, மொழி வரலாறு போன்றவை வாசிப்பையும் விளக்கத்தையும் சார்ந்தவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத்து ஆவணங்களுக்காகத் தொடங்கிய நூலகம், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு ஆகியவற்றால், பெரிய நூலகம் இல்லாத நகரில் வாழ்வோரும் மூலநூலைப் பெற இயலுகின்றது. இப்பாடங்களை அவரவர் நேரத்தில் கற்கச்செய்தல் தகும்.

யாப்பும் அவ்வாறே ஒரு பகுதி வரை பொருந்தும். அசை பிரித்தல், சீர் காணல், தளை அறிதல் ஆகியவை வரையறுத்த விதிகளைக் கொண்டவை. அவலோகிதம் போன்ற மென்பொருள் ஒரு செய்யுளின் உறுப்புகளை உடனே பகுத்துக் காட்டும். மாணவர் நூறு முறை தவறிழைத்துத் திருத்திக்கொள்ள இயந்திரம் இடந்தரும். தளை தட்டாத வெண்பா நல்ல வெண்பா ஆகின்றதா என்பதற்கு மட்டும் ஆசிரியரே வேண்டும்.

ஒலிப்புப் பயிற்சியின் நிலை வேறு. லகர, ளகர, ழகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் புலம்பெயர் நாட்டில் பிறந்தோர்க்கு இடர் தருபவை. இணைய அழைப்பில் ஒலி சுருக்கி அனுப்பப்படுவதால் நுண்ணிய வேறுபாடு மங்கக்கூடும். நாவின் நிலையைத் திரையில் காட்டுதலும் கடினம். தொடக்கத்தில் சில நேரடி அமர்வுகளும், பின்னர் மாணவர் தம் குரலைப் பதிந்தனுப்பி ஆசிரியரின் தனித்த மறுமொழி பெறுதலும் பொருந்தும்.

இரட்டை வழக்கும் கருதத்தக்கது. யாழ்ப்பாண வழக்கை வீட்டில் கேட்டு வளர்ந்தவரும் மலேசிய வழக்கைக் கேட்டு வளர்ந்தவரும் ஒரே வகுப்பில் எழுத்துத்தமிழ் கற்கின்றனர். பல நாட்டு வழக்குகளை ஒருங்கே கேட்கும் வாய்ப்பு உள்ளூர் வகுப்பறையைவிட இணைய வகுப்பில் மிகுதி. இங்கு இணையம் வகுப்பறைக்கு மாற்றாக அன்றி, வகுப்பறையால் இயலாததைச் செய்கின்றது.

சுவடியியலில் படிப்பும் கையாளுதலும் பிரிந்து நிற்கின்றன. புள்ளியிடாத மெய்யையும், எகர ஏகார வேறுபாடு காட்டாத எழுத்தையும் படித்துப் பழகுவதற்கு மின்படிமங்கள் போதும். ஓலையைப் பிரித்தல், தூய்மை செய்தல், கல்வெட்டில் மைப்படி எடுத்தல் ஆகியவற்றுக்குக் கையும் இடமும் வேண்டும். விடுமுறைக்காலத்தில் சில வாரச் செறிவான உறைவிடப் பயிற்சி இதற்கு ஏற்றது.

நேரமும் விதியும்

இணையவழிக் கல்விக்கு எல்லை இல்லை என்பர். கடிகாரத்திற்கு எல்லை உண்டு. சென்னையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் வகுப்பு சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரவு 9.30க்கும், டர்பனில் பிற்பகல் 3.30க்கும், டொராண்டோவில் பருவத்திற்கேற்பக் காலை 8.30 அல்லது 9.30க்கும் அமையும். சிட்னியில் இரவு 11.30 ஆகும், கோடையில் நள்ளிரவும் கடந்து 12.30 ஆகும்.

இரு அமர்வுகளாகப் பிரித்தால் இடர் குறையும். சனிக்கிழமை சென்னை நேரம் காலை 6.30க்கு வைக்கப்படும் அமர்வு டொராண்டோவில் வெள்ளி இரவு 8 அல்லது 9 மணி, சிங்கப்பூரில் சனி காலை 9 மணி, சிட்னியில் 11 அல்லது 12 மணி. அதே நாள் பிற்பகல் 2.30க்கு வைக்கப்படுவது இலண்டனில் காலை 9 அல்லது 10 மணி, டர்பனில் 11 மணி, மொரிசியசில் பிற்பகல் 1 மணி. எனவே உலகளாவிய தமிழ்ப் படிப்பு ஒன்று, ஒரே நேர அமர்வு ஒவ்வொன்றையும் இருமுறை நடத்தவோ, அத்தகைய அமர்வுகளைக் குறைத்துக்கொள்ளவோ வேண்டும். ஆசிரியரின் பணிச்சுமையைக் கணக்கிடும்போது இதனை மறத்தலாகாது.

சட்ட விதிகளும் தெரிவைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் நுழைவிசைவு பெற்றோர், முழுநேரப் படிப்பின் கணக்கில் ஒரு பருவத்திற்கு ஓர் இணையவழிப் பாடத்தையே பொதுவாகச் சேர்க்கலாம். இந்தியாவில் ஏற்பு பெற்ற நிறுவனங்கள் வழங்கும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்களை நேரடிப் பட்டங்களுக்கு நிகராகக் கொள்ளலாம் என மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆயினும், அப்பட்டத்தைக் கொண்டு வேறொரு நாட்டில் ஆசிரியப்பணி பெற இயலுமா என்பதை அந்நாட்டின் விதியே முடிவுசெய்யும். சேர்க்கைக்கு முன்னரே இதனை மாணவர்க்குத் தெளிவுறுத்தல் நிறுவனத்தின் கடமை.

அறையிலும் திரையிலும் ஒருங்கே மாணவரை வைத்து, வரும் வழியை அவர்கள் விருப்பிற்கு விடும் நெகிழ்வுமுறையை சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி உருவாக்கினார். மாணவர்க்கு அது பெரும் வசதி. ஓர் ஆசிரியரே உள்ள துறையிலோ, ஒரே பாடத்தை இருவகையாக வகுக்கும் சுமை அவர்மேல் விழும். உதவியாளர் இல்லாத இடத்தில் திரையில் இருப்போர் பார்வையாளராகிவிடுவர். துணைக்கு ஆள் இல்லையெனில் இம்முறையைத் தவிர்த்தல் நலம்.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்துப் புலமையை நான்கு கூறாக்குகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொள்வதால் வருவது கால்கூறு. உடன் கற்போரோடு பயில்வதால் வருவது மற்றொரு கால்கூறு. பிறர்க்கு உரைப்பதால் வருவது எஞ்சிய அரைக்கூறு.

இப்பகுப்பை இன்றைய தெரிவிற்குப் பொருத்திக் காணலாம். நேரடியா, இணையமா என்னும் விவாதம் பெரும்பாலும் முதற் கால்கூற்றைப் பற்றியே, அதாவது விரிவுரையைப் பற்றியே, நிகழ்கின்றது. பதிவுசெய்து அனுப்ப மிக எளியதும் அதுவே. உடன் பயிலுதல் திட்டமிடப்படாவிடில் இணையவழிப் படிப்பில் அது இயல்பாக நிகழாது. மூவர் அல்லது நால்வர் கொண்ட நிலையான குழுக்களும், குழுவாகச் செய்யும் உரை வாசிப்பும் வேண்டும். அரைக்கூறாகிய கற்பித்தற் பயிற்சி வளாகத்திலும் இல்லை, திரையிலும் இல்லை. மாணவரின் ஊரிலேயே இயங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உள்ளது. அப்பள்ளியைப் பயிற்சிக்களமாக ஏற்று மதிப்பெண் வழங்கும் படிப்பு, பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து நடத்தப்படினும் நேரடிக் கல்வியின் பயனைப் பெரிதும் தரும்.

தேர்வும் இவ்வழியே அமையலாம். வீட்டில் எழுதும் கட்டுரை மாணவருடையதா என ஐயுறும் காலத்தில், ஒரு செய்யுளைக் கொடுத்துப் பொருள் உரைக்கச்செய்யும் வாய்மொழித் தேர்வு சிறு வகுப்பிற்கு ஏற்றது. ஒரு மாணவர்க்கு அரை மணி என்றாலும், பத்து மாணவர்க்கு ஐந்து மணி நேரமே ஆகும். சிறுமை இங்கு வலிமையாகின்றது.

தெரிவு செய்யும் வரிசை

மேற்கண்டவற்றிலிருந்து, ஒரு துறை பின்பற்றத்தக்க வரிசை பின்வருமாறு அமையும். முதலில், மாணவர் வாழும் இடமும் அவர்க்குரிய நேரமும் கேட்டறியப்பட வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பாடப்பகுதியின் முடிவில் மாணவர் செய்யவல்லது யாது என எழுதி, அதற்கேற்ற முறை குறிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பட்ட ஏற்பும் நுழைவிசைவு விதியும் ஒப்புநோக்கப்பட வேண்டும். நான்காவதாக, மறுமொழி எழுதும் நேரத்தையும் சேர்த்து ஆசிரியர் பணி கணக்கிடப்பட வேண்டும். இறுதியாக, இடையில் நின்றோரை அணுகிக் காரணம் கேட்டு, அடுத்த ஆண்டில் முறை திருத்தப்பட வேண்டும். தொழில்நுட்பக் கருவியைத் தெரிதல் இவற்றின் பின்னரே வரும்.

முடிவுரை

ஒரே நகரில் மாணவர் திரண்டிருப்பின் மாலைநேர நேரடி வகுப்பு இன்றும் வலிமையுடையது. மாணவர் பல நாடுகளில் சிதறியிருப்பின், அவரவர் நேரக் கற்றலை அடிப்படையாகவும், சிறு குழு அமர்வுகளை இணைப்பாகவும், ஆண்டிற்கொரு உறைவிடப் பயிற்சியை நிறைவாகவும், உள்ளூர்ப் பள்ளியைக் களமாகவும் கொண்ட கலப்புமுறையே தகுதியுடையது. உறைவிடப் பயிற்சிக்கு வர இயலாதோர்க்கு மாற்றுவழி இல்லையெனில் அக்கலப்பும் சிலரைப் புறந்தள்ளும். பணிபுரியும் தாயரும் முறைமாற்றுப் பணியாளரும் அங்ஙனம் விடுபடுவோருள் முதல்வர் ஆவர். அவர்களே பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குத் தமிழ் எழுத்தறிவிப்போர். ஆதலின், எம்முறையைத் தெரிவுசெய்யினும், அத்தெரிவால் யார் வெளியே நிற்கின்றனர் என்னும் வினாவை ஆண்டுதோறும் எழுப்பி விடை காணும் துறையே நிலைபெறும்.