குறிப்பறிதலும் ஒற்றைச் சரிக்குறியும்

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரால் 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்கள் உள. அங்கே குறிப்பை உணர்த்துவன முகமும் கண்ணும். 2009இல் தோன்றிய வாட்ஸ்அப்பில் முகம் ஏது?

ஒருவர் நம்மைத் தடுத்துவிட்டால், நாம் அனுப்பும் செய்தியருகே ஒற்றைச் சரிக்குறியே நிற்கும். அவர் படத்தில் செய்யும் மாற்றம் தெரியாது. கடைசியாக வந்த நேரம் தெரியாது. அழைப்பும் சென்று சேராது. ஆயினும், கைத்தொலைபேசி அணைந்திருந்தாலும் ஒற்றைக் குறிதான். படத்தையும் நேரத்தையும் எவரும் மறைத்து வைக்கலாம். தடுத்தவரைக் காக்கவே நிறுவனம் இதனைத் தெளிவின்றி அமைத்துள்ளது.

பாகான் டத்தோவிலிருந்து ஈப்போவுக்கு மாறிச் சென்ற நண்பர் ஒருவரை இக்குறிகளால் இரண்டு திங்கள் தவறாக எண்ணியிருந்தேன்; அவரோ எண்ணையே மாற்றியிருந்தார்.

ஆகவே, இவை ஐயத்திற்கு இடமாகுமேயன்றிச் சான்றாகா. வேறு வழியில் ஒருமுறை கேட்போம். அவர் விரும்பவில்லையெனில் விட்டுவிடுவோம்.