பேயா, நோயா? முதலில் யாரிடம் போவது?



வீட்டில் ஒரு பெண்பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, தனியாகச் சிரிக்கிறாள். அடுத்து என்ன நடக்கும் என்று மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். "பால்மரக் காட்டில் எதையோ மிதித்துவிட்டாள்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. முதலில் சாமி பார்க்கிறவர், பிறகு பொமோ. மருத்துவமனை கடைசியில்தான்!

2016இல் வெளிவந்த 'தி வெய்லிங்' என்ற கொரிய மர்மப் படத்திலும் இதே நிலைதான். கிராமத்துப் போலீஸ்காரர் ஒருவரின் மகள் விசித்திரமாக மாறுகிறாள். ஊருக்கு வந்த அந்நியர்தான் காரணம் என்கிறது வதந்தி. பூசாரியை அழைத்துச் சடங்கும் செய்கிறார்கள். யாரை நம்புவது, யாரைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் அந்தத் தகப்பன் தவிக்கிறார். திரையில் அந்தக் குழப்பம் சுவாரஸ்யம். வீட்டில் அது ஆபத்து.

இந்தக் குழப்பத்தை நம் மக்களிடையே நேருக்கு நேர் சந்தித்தவர் டாக்டர் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1928இல் இலங்கை சென்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பலரை நேரில் விசாரித்தார். மனவசிய முறையையும் பயன்படுத்தினார்.

1963இல் ஒரு சவால் விட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பணநோட்டின் எண்ணைச் சொல்வது போன்ற அற்புதத்தை, ஏமாற்று இல்லாமல் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய்! 1978இல் அவர் இறக்கும் வரை யாரும் அந்தப் பரிசை வெல்லவில்லை.

அவர் ஆராய்ந்த சம்பவம் ஒன்று 1972இல் 'புனர்ஜன்மம்' என்ற மலையாளப் படமானது. அடுத்த ஆண்டே முத்துராமன், மஞ்சுளா நடிக்க, தமிழில் 'மறுபிறவி' ஆனது. கதைநாயகனின் இல்வாழ்க்கையைக் குலைக்கும் புதிருக்கு விடை வெளியில் இல்லை. அவன் மனத்திற்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் சாமி கும்பிடக் கூடாதா? அப்படி யார் சொன்னது? திருநீறு பூசுங்கள், முனீஸ்வரனுக்கு விளக்கேற்றுங்கள். ஆனால் அன்றைக்கே பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். மூளையைத் தாக்கும் காய்ச்சலாலும் இப்படிப் பிதற்றல் வரலாம், மனநோயாலும் வரலாம். மனநோய்க்குச் சிகிச்சை தள்ளிப்போகத் தள்ளிப்போக, குணமாவது கடினமாகும். பரிகாரத்திற்கு நூறு நூறாகக் கொடுக்கிறோம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மனக்கவலைக்கு ஆலோசனை கேட்க, சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

போகும்போது எப்போது தொடங்கியது, கீழே விழுந்தாளா, காய்ச்சல் இருந்ததா, பள்ளியில் ஏதும் நடந்ததா என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவளை மட்டும் திட்டாதீர்கள். பேய் என்று நாம் பயந்து நிற்கும் நேரத்தில், உள்ளுக்குள் நம்மைவிட அதிகம் பயந்துபோயிருப்பவள் அவள்தான்.