பித்தப்பையில் கல்: எடுப்பதா, விடுவதா?

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு ஸ்கேன் உறைகள் இருக்கின்றன. ஒன்று உம்மாவுடையது, மற்றொன்று லாத்தாவுடையது. இரண்டிலும் பித்தப்பையில் கல் இருப்பதாகவே எழுதப்பட்டுள்ளது. உம்மாவுக்கு அறுவை செய்யவில்லை. அது சரியான முடிவு. லாத்தாவுக்கு உரிய காலத்தில் செய்யவில்லை. அது தவறான முடிவு. ஒரே குடும்பத்தில், ஒரே நோய்க்கு இரு வேறு முடிவுகள் ஏன் என்று உறவினர் பலர் கேட்டுவிட்டனர். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இரு நோயாளிகளோடு மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கியவன். பிறகு படித்தும் கேட்டும் சிலவற்றைத் தெரிந்துகொண்டவன்.

உம்மாவின் கதை சிறியது. 2009ஆம் ஆண்டில், சிறுநீரகத்தில் கல் இருக்குமோ என்ற ஐயத்தில் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். தேடிய இடத்தில் கல் இல்லை. தேடாத இடத்தில், பித்தப்பையில் ஒரு கல் இருந்தது. "வயித்துல கல்லை வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குவாங்க?" என்று சாச்சி அழுதேவிட்டார்கள். மறுநாளே அறுவை செய்துவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. மருத்துவர் மட்டும் பதறவில்லை. "மேல் வயிற்றில் வலி வந்து துடித்ததுண்டா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள் உம்மா. "அப்படியானால் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவ்வாறு அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களில், கல் இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாத 123 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து, கிரேசி, ரான்சோஹாஃப் என்ற இரு மருத்துவர்கள் 1982ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருபது ஆண்டுகளில் வலி வந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்ற அளவிலேயே இருந்தனர். எஞ்சியோரின் கல் அமைதியாகவே கிடந்தது. ஆகவே, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட கல்லுக்காக அறுவை மேசையில் ஏறுவது பெரும்பாலும் வேண்டாத வேலை. இதற்கு விலக்குகள் உண்டு. பித்தப்பையின் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருத்தல், கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருத்தல், கல்லோடு பெரிய சதை வளர்ச்சியும் இருத்தல், இரத்த அணுக்கள் சிதையும் பரம்பரை நோய் இருத்தல் ஆகியவற்றில் மருத்துவர் வேறு விதமாக முடிவெடுக்கக் கூடும். வட இந்தியாவின் கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதால், அங்குள்ள மருத்துவர்கள் சற்றுக் கூடுதலாக அஞ்சுகின்றனர். நீரிழிவு இருந்தாலே எடுத்துவிட வேண்டும் என்ற பழைய கருத்து இப்போது கைவிடப்பட்டுவிட்டது.

இனி லாத்தாவின் கதைக்கு வருவோம்.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறவினர் வீட்டு வலீமாவில் நெய்ச்சோறும் களறிக்கறியும் உண்டு திரும்பிய இரவு, லாத்தாவுக்கு வலது விலாவின் கீழே வலி தொடங்கியது. முதுகின் வலப்புறத் தோள்பட்டைக்கு அது பாய்ந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்; சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். ஏப்பம் வந்தும் வலி தணியவில்லை. மூன்று மணி நேரம் கழித்துத் தானாகவே அடங்கியது. வாய்வு என்று முடிவு கட்டிவிட்டோம்.

வாய்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று நாங்கள் அறியவில்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து, கெட்டியாக்கி வைக்கும் சிறு பையே பித்தப்பை. கொழுப்பு மிகுந்த உணவு உள்ளே சென்றதும் அது சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். அப்போது கல் வாயிலை அடைத்தால் பை திணறும். அதுவே அந்த வலி. அது அரை மணி நேரத்திற்குக் குறையாமல், சில மணி நேரம் வரை விடாது நிற்கும். புரண்டு படுத்தாலும் மாறாது. வயிறு உப்புதல், புளியேப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவை கல்லால்தான் வருகின்றன என்று சொல்வதற்கில்லை. அவற்றுக்காகப் பித்தப்பையை எடுத்தவர்களில் பலர், எடுத்த பின்னும் அதே உப்புசத்தோடு இருப்பதைக் காண்கிறோம்.

இரண்டாம் முறை வலி வந்தபோது ஸ்கேன் எடுத்தோம். பல சிறு கற்கள். மருத்துவர் அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னார். ஆனால் ஷவ்வால் மாதத்தில் லாத்தாவின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயிக்கப்பட்டிருந்தது. மகன் துபையிலிருந்து அதற்குத்தான் விடுப்பில் வருகிறான். இடையில் ரமளான் வேறு. பெண் மருத்துவர் கிடைத்தால்தான் என்று மச்சானுக்கு ஒரு தயக்கமும் இருந்தது. "கல்யாணம் முடியட்டும் தம்பி. அதுக்குள்ள கல்லு எங்கே போயிடப் போவுது?" என்றார்கள் லாத்தா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இத்தகைய ஒத்திவைப்பு முற்றிலும் தவறு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். வலி மட்டுமே உள்ள, வேறு சிக்கல் இல்லாத 434 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு அறுவை. மறு பகுதியினருக்கு வலி மருந்தும் உணவுக் கட்டுப்பாடும். பதினெட்டு மாதங்களில் இரு பகுதியினரின் வலியிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. காத்திருந்தவர்களில் கால் பங்கினரே அக்காலத்திற்குள் அறுவை செய்துகொண்டனர். எனவே, எப்போதாவது ஒருமுறை வலி வருபவர் மருத்துவரோடு கலந்து பேசி, யோசித்து முடிவெடுக்க அவகாசம் உண்டு. அடிக்கடி வலி வந்து, உணவைக் கண்டே அஞ்சும் நிலை ஏற்பட்டவருக்கு அறுவையே நிவாரணம்.

எங்கள் தவறு வேறு இடத்தில் நிகழ்ந்தது. ஷஃபான் மாதத்தில் மூன்றாம் முறை வலி வந்தது. இம்முறை சிறுநீர் தேயிலைச் சாயம் போல் இறங்கியது; கண்களில் மஞ்சள் தெரிந்தது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள் மாமி. மூன்று நாளில் மஞ்சள் மறைந்தது. கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்தது. உண்மையில் நடந்தது என்னவென்றால், ஒரு சிறு கல் பித்தப்பையை விட்டு வெளியேறி, பொதுக் குழாயை அடைத்து, பிறகு தானாகவே நழுவிக் குடலில் விழுந்திருக்கிறது. 'கல் எங்கே போய்விடும்' என்று கேட்டோம் அல்லவா? அது போகத் தொடங்கிவிட்டது. அவகாசம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு அது. நாங்கள் படிக்கத் தவறினோம். அன்றே மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும்.

ரமளானின் இரண்டாம் வாரம், நோன்பு திறந்து சமோசாவும் வாடையும் உண்ட சிறிது நேரத்தில் நான்காம் முறை வலி. இப்போது அது முதுகைத் துளைத்தது, வாந்தி நிற்கவில்லை. கல் குழாயின் முனையில் சிக்கிக் கணையத்தையும் வீங்கச் செய்துவிட்டது. கணைய அழற்சி உயிருக்கே உலை வைக்கக் கூடியது என்பதை அவசரப் பிரிவின் வாசலில்தான் தெரிந்துகொண்டோம். வாய்வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்திக் கல்லை எடுத்தார்கள். வீக்கம் தணிந்ததும், வீட்டுக்கு அனுப்பாமல் அப்படியே பித்தப்பையையும் அகற்றிவிடலாம் என்றார் மருத்துவர். பெருநாளுக்குப் பிறகு வருகிறோம் என்று மச்சான் மீண்டும் தொடங்கினார். அப்போது அவர் எடுத்துக் காட்டியது 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றை. இலேசான கணைய அழற்சிக்குப் பின், அதே தங்கலில் பித்தப்பையை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கே மீண்டும் கல்லால் ஆபத்து வந்தது. நான்கு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் பதினேழு பேருக்கு. ஆண் மருத்துவர் பற்றிய தயக்கத்தை எங்கள் மஹல்லா இமாம் அவர்கள் தீர்த்து வைத்தார்கள். பெண் செவிலியர் உடனிருக்க, அறுவை நடந்தது.

அறுவையைப் பற்றிய அச்சம் பல வீடுகளில் பழைய நினைவிலிருந்து வருகிறது. ஜெர்மனியின் கார்ல் லாங்கன்புக் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியது முதல் ஒரு நூற்றாண்டு காலம் வயிற்றைப் பெரிதாகக் கீறித்தான் செய்தார்கள். 1985இல் அதே நாட்டின் எரிக் மூஹே சிறு துளை வழியே செய்தார். இந்தியாவில் 1990இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா தொடங்கி வைத்தார். இன்று பெரும்பாலும் நான்கு சிறு துளைகள். ஓரிரு நாளில் வீடு. இருந்தாலும் அது அறுவைதான். அபூர்வமாகப் பித்தக் குழாயே காயப்படுவதுண்டு; அது பெருந்துன்பம். உள்ளே ஒட்டுதல் மிகுந்திருந்தால் நடுவில் வயிற்றைத் திறக்க நேரிடும். சிலருக்குப் பின்னர் பேதி நீடிக்கும். ஆகையால், "மாதத்திற்கு எத்தனை செய்கிறீர்கள்? குழாயில் கல் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா? செய்யாவிட்டால் எனக்கு என்ன ஆகும்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கல்லைக் கரைப்பது பற்றியும் ஒரு சொல். மாத்திரை உண்டு, சிறிய கொழுப்புக் கற்களை மட்டும், பல மாதங்கள் உட்கொண்டால் கரைக்கும். நிறுத்திய ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் மீண்டும் வந்துவிடும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைக் கற்கள் மலத்தோடு விழும் என்று சொல்வார்கள். அவ்வாறு விழுந்தவற்றை நியூசிலாந்தில் சோதித்தார்கள். குடித்த எண்ணெயே வயிற்றில் சவர்க்காரக் கட்டியாக மாறியிருந்தது. 2005இல் மருத்துவ இதழில் அது வெளிவந்தது.

லாத்தா பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். விடுபட்ட நோன்புகளைப் பின்னர் கழாச் செய்தார்கள். நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. லாத்தா நாற்காலியில் அமர்ந்தபடி மகளை வழியனுப்பினார்கள். எடுத்த கற்களை மருத்துவர் ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். பெரியது கொண்டைக்கடலை அளவு. உயிரைக் குடிக்கப் பார்த்ததோ, மிளகிலும் சிறியது.

உம்மா அந்தப் புட்டியைப் பார்க்க மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய கல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.