பரல் தேர்தல்

பரல் என்பது பழந்தமிழ்ச் சொல். ஆற்றிலும் சுரத்திலும் கிடக்கும் சிறு கல்லுக்கு அது பெயர். சிலம்பினுள்ளே இட்டு ஒலிக்கச் செய்யும் மணிக்கும் அதுவே பெயர். காலின்கீழ்க் கிடப்பதையும் காலில் அணிவதையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிதன்று என எண்ணினர் போலும். அத்தொலைவைக் கடப்பதற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, தேர்ந்தெடுக்கும் கண். மற்றொன்று, பொறுத்திருந்து தேய்க்கும் கை. இவ்விரண்டினுள் கண்ணே அரிது என்பதை யான் ஜெயபுரத்திலே கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் என் மாணாக்கர்.

ஜெயபுரம் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேசத்தில் உள்ள ஊர். காடு வெட்டிக் கழனி கண்ட உழைப்பாளரின் ஊர். மலை என்று சுட்டிக் காட்ட இங்கே ஒன்றுமில்லை. ஆயினும், மாரியிலே கரைபுரண்டு ஓடிக் கோடையிலே மணலும் சரளையுமாய்க் கிடக்கும் ஓடைகள் உண்டு. இப்பக்கத்து ஆறொன்றின் பெயர் மண்டைக்கல்லாறு. பெயரிலேயே கல்லைச் சுமந்து செல்லும் ஆறு அது.

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே போர் இப்பகுதியைக் கடந்து கிழக்கே சென்றது. 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. இடம்பெயர்ந்த மக்கள் பின்னர் ஊருக்கு மீண்டார்கள். நிலம் அவ்வளவு விரைவாக மீளவில்லை. வயலோரத்திலும் காட்டோரத்திலும் மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகைகள் நின்றன.

2011ஆம் ஆண்டு. வகுப்பிலே சிலப்பதிகாரத்து வழக்குரை காதை நடந்துகொண்டிருந்தது. பரல் என்ற சொல்லைப் பிள்ளைகள் மனத்திற் பதிக்க விரும்பி, “நாளைக்கு ஆளுக்கொரு கூழாங்கல் கொண்டு வாருங்கள்” என்றேன். மறுநாள் ஒருவரும் கொண்டு வரவில்லை. சோம்பல் என்று கருதிக் கடிந்துகொண்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, “ஐயா, கீழ கிடக்கிறது எதையும் தொடக்கூடாது எண்டு அம்மா சொல்லியிருக்கிறா” என்றாள். பக்கத்திலிருந்த பையன், “பலகை நாட்டியிருக்கிற பக்கந்தான் ஐயா கல் கிடக்குது” என்று சேர்த்துச் சொன்னான்.

யான் வாயடைத்து நின்றேன். ஆராயாமல் தீர்ப்பளித்த பாண்டியனைப் பற்றி விரித்துரைத்துக்கொண்டிருந்தவன், ஆராயாமலே நாற்பது பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கினேன். அவர்கள் தாய்சொற் கேட்டவர்கள். அச்சொல் அவர்கள் உயிரைக் காத்த சொல். அன்று பாடத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

ஆண்டுகள் சென்றன. கண்ணிவெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு, சாணளவு சாணளவாக நிலத்தைத் தேடி முன்னேறினர். பலகைகள் ஒவ்வொன்றாய் அகன்றன. மாடுகளும் மனிதரும் நாடோறும் கடக்கும் ஓடைத்துறை ஒன்றுக்கு, பெற்றோர் சிலரும் உடன்வர, ஒரு கோடைக் காலையிலே வேறொரு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். அன்று தொடங்கியதுதான் எங்கள் கல் சேர்க்கும் தொழில். தொழில் என்று சொன்னேனே தவிர, அதனாற் காசு வருவதில்லை. எங்கள் கல்லைச் சந்தையில் எவரும் வாங்கார். வந்தது வேறு.

கல்லைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி.

முதற் கேள்வி: இது கல்தானா? இரும்போ, பிளாஸ்ரிக்கோ, துருவேறிய உருண்டையோ, வடிவொழுங்குள்ள எப்பொருளோ கண்ணிற்பட்டால் கை நீளலாகாது. நின்ற இடத்திலிருந்து, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்லவேண்டும். முன்னே துப்புரவான இடம் என்ற துணிவும் போதாது. மாரி வெள்ளம் மண்ணை அரிக்கும், புதைந்ததை வெளிப்படுத்தும், ஓரிடத்ததை வேறிடத்துக்கு ஈர்த்தும் செல்லும். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு இணைந்தது. அதன் பின்னரும் வடபுலத்தில் அகற்றும் பணி தொடர்ந்து நடக்கவேண்டியிருந்தது. ஆதலின் இக்கேள்வியை விளையாட்டாக எண்ணுதல் தகாது.

இரண்டாம் கேள்வி: என்ன கல்? பெரும்பாலானவை குவாட்சு என்னும் படிகக்கல். வெள்ளையாய், ஓரளவு ஒளி ஊடுருவுவதாய் இருக்கும். ஆற்று மணலே நிலத்தடியிற் படிந்து இறுகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மணிகள் ஒன்றோடொன்று உருகிப் பிணைந்தாற்போல் ஆகிவிட்டால் அது குவாட்சைற்று. உடைத்துப் பார்த்தால் மணல்மணிகளைச் சுற்றிப் பிளவு ஓடாது. மணிகளை ஊடறுத்தே ஓடும். அவ்வளவு இறுக்கம்! தூய குவாட்சைற்று வெண்மையானது. இரும்பின் ஒட்சைட்டுகள் சிறிதளவு கலந்தால் செம்மையும் செந்நீலமும் மஞ்சளும் காவியும் தோன்றும். குரோமியம் கலந்த அப்பிரகத் துகள்கள் இருந்தால் பசுமை மின்னும். வன்னிச் செம்மண்ணுக்கு நிறந்தருவதும் இரும்பேயாதலால், எங்கள் கல்லும் மண்ணும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

சுண்ணக்கல்லும் இப்பக்கத்தில் உண்டு, அது மென்மையானது. வன்மையை அளக்க 1812ஆம் ஆண்டில் பிரீட்றிக் மோஸ் என்னும் செருமானியர் ஒன்று முதல் பத்து வரை படிமுறை வகுத்தார். அதிலே சுண்ணக்கல்லின் கூறாகிய கல்சைற்று 3, குவாட்சு 7, வைரம் 10. வீட்டுக் கத்தி ஐந்தரை அளவில் நிற்கும். ஆகவே கத்தி முனை கீறினால் சுண்ணக்கல். கீறாவிட்டால் குவாட்சு இனம். பிள்ளைகள் இச்சோதனையை ஒரு நாளிலே கற்றுக்கொண்டார்கள். வெடிப்பும் துளையும் உள்ளவற்றை விலக்கவும், கரடுமுரடான மணியுடையவற்றை ஒதுக்கி நெருங்கிய நுண்மணி உடையவற்றைக் கொள்ளவும் கற்றது அதன் பின்னர்.

மூன்றாம் கேள்வி: நமக்கு முன்னே இதனை எவரேனும் தொட்டாரா? இக்கேள்வி ஏன் என்று வாசகர் வியக்கலாம். வரண்ட வலயத்துக் கரையோரங்களிலே, செம்மண்ணும் அதன் அடியிற் சரளையுமாகப் படிந்துள்ள பழைய படிவுக்கு அறிஞர் இட்ட பெயர் ‘இரணைமடுப் படிவு’ என்பது. நம் வன்னிக் குளத்தின் பெயர் உலகத்து ஆய்வுநூல்களில் ஏறியது இவ்வாறு. தொல்பொருளறிஞர் சிரான் தெரணியகல 1992ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் இப்படிவுகளையும் அவற்றிற் கிடைத்த கற்கருவிகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்பாந்தோட்டைப் பக்கத்து இத்தகைய சரளையிலே கிடைத்தவற்றின் காலம் ஏறக்குறைய 1,25,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தார். அக்கருவிகளிற் பெரும்பாலன குவாட்சினாலும் சேட்டுக் கல்லினாலும் ஆனவை. ஆகவே, விளிம்பிலே வரிசையாகச் செதிள் தெறித்த தழும்புள்ள கல் கண்டால் அது பரல் அன்று. முன்னோர் ஒருவரின் கைக்கத்தியாய் இருக்கலாம். அதனைத் தேய்ப்பது ஏட்டுச்சுவடியைக் கழுவுவதை ஒக்கும். கிடந்த இடத்திலேயே விட்டு, அறிந்தோர்க்கு அறிவிக்கவேண்டும்.

இம்மூன்று கேள்விகளையும் கடந்தவற்றுள்ளும் ஆளுக்கொரு பிடி மட்டுமே எடுப்போம். மணலையும் சரளையையும் வண்டியில் ஏற்றி விற்போர்க்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி உத்தரவுப்பத்திரம் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, ஓடையின் வயிறு வற்றினால் கிணறும் வற்றும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

இனித் தேய்த்தல். நீரிறைக்கும் இயந்திரம் திருத்தும் ஊரவர் ஒருவர், பழைய மோட்டர் ஒன்றைக் கொண்டு உருளை அமைத்துத் தந்தார். உள்ளே றப்பர் ஒட்டிய சிறு பீப்பா. அதனைத் தாங்கிச் சுழற்ற இரண்டு தண்டுகள். பீப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாகக் கல்லை இட்டு, மேற்கல் மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் விட்டு, சாணைத்தூள் சேர்த்து மூடி, இரவும் பகலும் மெல்லச் சுழலவிடவேண்டும். கடகடவென்று விரைந்தால் கற்கள் மோதிப் பிறைபோற் பிளவுபடும். சரசரவென்று சரிந்து உரசவேண்டும்.

முதல் வாரம் 60 அல்லது 80ஆம் எண் பருந்தூள். எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும். அடுத்த வாரம் 220, பின்னர் 500, இறுதியில் அலுமினியம் ஒட்சைட்டு அல்லது சீரியம் ஒட்சைட்டு என்னும் மெருகுப்பொடி. இவ்வாறு ஒரு மாதம் செல்லும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது கல்லையும் பீப்பாவையும் கழுவும் கழுவலிலேதான் வெற்றி இருக்கிறது. பருந்தூளின் ஒரே ஒரு துகள் தங்கினாலும் முன்செய்த வேலை பாழ். கழுவிய சேற்றை வடிகாலில் ஊற்றலாகாது. அது கட்டியாய் இறுகி அடைத்துவிடும். எங்கள் முதல் தொகுதியை அவசரப்பட்டு நாங்களே கெடுத்தோம். மங்கிய கண்ணாடிபோல் வந்தது. பிள்ளைகள் முகம் வாடினர். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

இச்சாணைத்தூளின் பெயரைக் கேளுங்கள்: காபரண்டம். சிலிக்கனும் காபனும் சேர்ந்த இப்பொருளை மின்னுலையில் ஆக்கி, 1893ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான எட்வேட் அச்செசன். காபன் என்பதையும் ‘கொறண்டம்’ என்பதையும் கூட்டி அவர் அப்பெயரைப் படைத்தார். கொறண்டம் என்பது யாது? வைரத்துக்கு அடுத்த வன்மையுடைய கல்லுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர். அது நம் ‘குருந்தம்’ என்ற சொல்லின் திரிபு. செந்நிறக் குருந்தம் மாணிக்கம், நீலநிறத்தது நீலமணி. கடல் கடந்து போன தமிழ்ச்சொல், ஒரு பொட்டலத்தின்மேல் ஏறிப் பூநகரிக்குத் திரும்பி வந்திருக்கிறது! கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம் அன்றோ? எங்கள் ஓடைப் பரலைத் தேய்க்கும் தூளின் பெயரிலே அந்த மாணிக்கத்தின் இனப்பெயர் ஒளிந்திருக்கிறது.

தொழிலும் புதிதன்று. குசராத்துக் கம்பாத்திலே அகேற்று மணிகளைத் தோற்பையில் நீருடனும் குருந்தத் தூளுடனும் கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து பல நாள் உருட்டி மெருகிடும் வழக்கம் இருந்தது. தமிழகத்திலே நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகளில், படிகம், சூதுபவளம், பச்சைக்கல், நீலம் ஆகியவற்றை மணியாக்கிய பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்திலே கொடுமணம் என்று கூறப்படும் ஊர் அதுவே என்பர். மோட்டர் ஒன்றே நாம் புதிதாகச் சேர்த்தது.

மெருகு நிறம் சேர்ப்பதில்லை என்பதை ஈண்டு சொல்லவேண்டும். ஓடையில் நனைந்த கல் அழகாயிருக்கிறது. வீட்டுக்கு வந்து உலர்ந்தால் சாம்பல் பூத்துவிடுகிறது. உலர்ந்த கல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். நீர் அக்கீறல்களைச் சற்று நேரம் நிரப்புகிறது. மெருகு அவற்றை நிலையாகவே அகற்றிவிடுகிறது. உள்ளிருந்த நிறமே வெளித்தெரிகிறது.

இரண்டாந் தொகுதியைத் திறந்த நாள் மறக்கற்பாலதன்று. கழுவிய கற்களைச் சாக்கின்மேற் பரப்பினோம். ஈரம் உலர்ந்தது, நிறம் உலரவில்லை. ஈரற்சிவப்பு, தேன்மஞ்சள், வெண்மையிற் செவ்வரி எனப் பரல்கள் கிடந்தன. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த தாய்மாருள் ஒருத்தி குனிந்து ஒன்றைப் பார்த்தாள்; எடுக்கவில்லை. முகத்தை நோக்கினேன். 2011இல் பின்வாங்கிலிருந்து எழுந்து நின்ற அதே பிள்ளை.

“இது எங்கட ஆத்தில கிடந்த கல்லே, ஐயா?” என்றாள்.

“ஓம் பிள்ளை. எடுத்துப் பார்.”

அவள் எடுக்குமுன் அவள் மகன் முந்திக்கொண்டான். “அம்மா, பொறுங்கோ. முதல் மூண்டு கேள்வி கேக்கோணும்” என்று சொல்லி, கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினான்.