மோட்டார் அறைக்குப் பாதுகாப்பான பூட்டு

கிணற்றடியிலுள்ள மோட்டார் அறை பெரும்பாலும் ஊரைவிட்டு விலகி, இரவில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அமைந்துள்ளது. மின்மோட்டார், ஸ்டார்ட்டர், செம்புக் கம்பி, தெளிப்பான், உரம், பூச்சிமருந்து ஆகிய யாவும் அதனுள்ளேதான் இருக்கின்றன. இவை களவு போனால் ஏற்படும் இழப்பு பொருளின் விலையோடு நிற்பதில்லை. நெல் கதிர் வெளிவரும் தருணத்தில் சில நாட்கள் நீர் பாய்ச்ச இயலாமற் போனால் பதர் மிகுந்து, அந்தப் போகத்தின் வருவாயே குறைந்துவிடும். எனவே பழைய பூட்டு துருப்பிடித்தோ சாவி தேய்ந்தோ போனபின், கடையில் முதலில் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டாமல், ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது நலம்.

முதலில் கதவைப் பார்க்கவும்

பூட்டு, கொண்டி, நாதாங்கி, கீல், நிலை ஆகிய ஐந்தும் சேர்ந்ததே காவல். இவற்றில் எது வலுக்குறைந்ததோ அதன் வலுவே முழுக் கதவின் வலுவாகும். விலையுயர்ந்த பூட்டை வாங்கி, மரத் திருகாணியால் பிடித்த மெல்லிய கொண்டியில் மாட்டினால், பூட்டைத் தொடாமலே கடப்பாரையால் கொண்டியை நெம்பி எடுத்துவிடலாம். ஆகவே பூட்டு வாங்கச் செல்லுமுன் கீழ்க்கண்டவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

1. கொண்டிப்பட்டை குறைந்தது 3 மி.மீ. கனமுள்ளதாக இருக்கவேண்டும். மரக் கதவில் அதைத் திருகாணிக்குப் பதிலாக, கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். போல்ட்டின் உருண்டைத் தலை வெளிப்புறமும், வாஷரும் நட்டும் உட்புறமும் அமைய வேண்டும். கதவு மூடியபின் போல்ட் தலைகளைக் கொண்டிப்பட்டை மறைத்துவிடுவது இன்னும் நல்லது.

2. தகரக் கதவாயின் கொண்டியைத் தகட்டின்மீது பற்றவைக்கக் கூடாது. கதவின் ஆங்கிள் சட்டத்தில் பற்றவைக்க வேண்டும். தகடு மட்டும் தாங்கினால் எளிதில் கிழிந்துவிடும்.

3. வெளிப்புறம் திறக்கும் கதவுகளில் கீலின் ஆணி வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்ற முடியாதவாறு இரு முனைகளையும் பற்றவைத்துவிட வேண்டும்.

4. மின் கேபிளைக் கதவுக்கும் நிலைக்கும் இடையேயுள்ள சந்து வழியாகக் கொண்டுசெல்லலாகாது. கதவு சரியாக மூடாது. மேலும், கேபிளின் மேலுறை தேய்ந்தால் இரும்புக் கதவிலும் பூட்டிலும் மின்சாரம் பாயக்கூடும். ஈரக்கையுடன் பூட்டைத் தொடுபவருக்கு இது உயிராபத்து. சுவரில் குழாய் பதித்து அதன் வழியாகக் கேபிளைக் கொண்டுசெல்ல வேண்டும்.

பூட்டின் உள்ளமைப்பு

நம் பகுதியில் பெருமளவில் பயன்படுவது லீவர் வகைத் தொங்கு பூட்டு. இதனுள் தட்டையான சிறு தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். இவையே லீவர்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைக் குறிப்பிட்ட உயரத்திற்குத் தூக்குகிறது. எல்லா லீவர்களும் தத்தம் உயரத்தில் சரியாக நின்றால்தான் தாழ் நகர்ந்து பூட்டு திறக்கும்.

ஒவ்வொரு லீவருக்கும் 4 உயரங்கள் உண்டு எனக் கொள்வோம். 3 லீவர் பூட்டில் 64 விதமான சாவிகளே அமைய முடியும். 6 லீவர் பூட்டில் 4,096 விதங்கள் அமையும். நடைமுறையில் இவ்வெண்ணிக்கை இன்னும் குறையும். மலிவான சிறு பூட்டுகளில் ஒருவர் சாவி மற்றவர் பூட்டுக்குச் சேர்ந்துவிடுவதன் காரணம் இதுவே. ஆகவே 6 லீவருக்குக் குறையாத பூட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். லீவர் எண்ணிக்கை பூட்டின் மீதோ அட்டைப்பெட்டியின் மீதோ அச்சிடப்பட்டிருக்கும். பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இத்தகைய பூட்டுகள் கையாலேயே செய்யப்பட்டு வருகின்றன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வளைகம்பியைக் கவனிக்கவும்

பூட்டை உடைப்பவர் பெரும்பாலும் உள்ளமைப்பைத் தொடுவதில்லை, வளைகம்பியையே அறுப்பர். எனவே வளைகம்பி கடினப்படுத்தப்பட்ட எஃகினால் ஆனதாக இருக்கவேண்டும். கடைக்காரர் அனுமதியுடன் சிறு அரத்தால் கம்பியின் ஓரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம். அரம் வழுக்கிச் சென்றால் கடின எஃகு. கடித்து இழுத்தால் மென்மையான இரும்பு.

கம்பியின் விட்டம் 10 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 8 மி.மீ. கம்பியைக் காட்டிலும் 10 மி.மீ. கம்பியில் அறுக்கவேண்டிய பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். வளைகம்பி நாதாங்கித் துளையை ஏறக்குறைய நிரப்ப வேண்டும். கம்பிக்கும் பூட்டின் உடலுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருந்தால் கடப்பாரை நுழைய வழியாகும். ஆதலால் துளையின் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். வளைகம்பியின் இரு முனைகளும் உள்ளே பூட்டிக்கொள்ளும் வகையே சிறந்தது. ஒரு முனை மட்டும் பிடிக்கும் பூட்டைத் தட்டியே திறந்துவிடக்கூடும்.

உடற்பகுதி பித்தளையானால் மழையில் துருப்பிடிக்காது. இரும்பானால் நல்ல முலாம் பூசியிருக்க வேண்டும். இரும்புக் கதவுகளில் பூட்டைச் சுற்றித் தகட்டுக் கூடு ஒன்றைப் பற்றவைத்து, கீழ்ப்புறம் மட்டும் கை நுழையும்படி விட்டால் அறுக்கும் வாளுக்கு இடமிராது, மழையும் படாது.

மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் இருட்டில் பூட்டைத் திறக்க நேரிடும். சாவி பெரிதாகவும், எளிதில் சுழல்வதாகவும் உள்ளதா என வீட்டிலுள்ள பெண்களும் முதியோரும் திறந்து பார்த்தபின் வாங்குவது நலம்.

பராமரிப்பு

சாவித்துளையில் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் பரவலாக உள்ளது. இது தூசியைப் பிடித்து நாளடைவில் பிசுக்காகி லீவர்களை ஒட்டவைத்துவிடும். அதற்குப் பதில் பென்சில் கரியைப் பொடித்தோ, கடையில் கிடைக்கும் கிராஃபைட் தூளையோ சிறிது இட்டால் போதும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சாவித்துளைக்கு மூடியாகத் தொங்கவிடலாம். உரம் கையாண்ட கையோடு பூட்டைத் தொடலாகாது. உரத்தின் உப்பு ஈரத்தை ஈர்த்துத் துருவை விரைவுபடுத்தும்.

சாவி

திறந்த பூட்டில் சாவியை விட்டுவைப்பதும், ஓட்டிடுக்கிலும் கல்லடியிலும் ஒளித்துவைப்பதும் பூட்டே இல்லாததற்குச் சமம். ஒரு சாவி பயன்பாட்டிலும் மற்றொன்று வீட்டில் பத்திரமாகவும் இருக்கட்டும். சாவி தொலைந்தாலோ குத்தகைதாரர் மாறினாலோ பூட்டை மாற்றிவிட வேண்டும். பல பூட்டுகளில் லீவர்களின் வரிசையை மட்டும் மாற்றிப் புதுச் சாவி செய்து தரவும் பூட்டுத் தொழிலாளரால் இயலும்.

பூச்சிமருந்துகளை அறைக்குள்ளும் தனிப்பெட்டியில் வைத்து, தனிப் பூட்டிட வேண்டும். மோட்டாரை இயக்க வரும் சிறுவர்கள் கையில் அவை கிட்டலாகாது.

கதவை முதலில் வலுப்படுத்தி, அதற்கேற்ற பூட்டைப் பின்னர் வாங்குவதே முறை. மோட்டாரின் பெயர்த்தகட்டிலுள்ள எண்ணையும் வாங்கிய ரசீதையும் வீட்டில் குறித்துவைத்தல் வேண்டும். களவு நேர்ந்தால் காவல் நிலையத்தில் புகார் அளிக்கவும், பொருள் மீட்கப்படும்போது அடையாளம் காட்டவும் அவை பயன்படும்.